க்னோமும் காணாமல் போன செட்டிங்குகளும்

லினக்ஸுக்கான க்னோம் பணிச்சூழல் 1997-ல் தொடங்கியது. ஆரம்பப் பதிப்புகளில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதுதான் பெருமையே. புதிதாக வந்தவருக்கோ செட்டிங் பக்கத்தைத் திறந்தாலே தலை சுற்றும்.

2002-ல் க்னோம் 2.0 வந்தது. பார்த்தால் பல செட்டிங்குகளைக் காணோம்! முந்தைய ஆண்டு சன் நிறுவனம் க்னோமைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்திருந்தது, பலர் தடுமாறினார்கள். நிரலர் ஹவோக் பென்னிங்டன் இன்னொரு கணக்குச் சொன்னார்: ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. உண்மைதான், ஆம்/இல்லை என்று பத்துத் தேர்வுகள் வைத்தாலே 1,024 விதமான சேர்க்கைகள். பிழை எதில் ஒளிந்திருக்கிறது என்று யார் தேடுவது? பல சமயம் எது சரி என்று முடிவெடுக்க முடியாமல்தான் நிரலர்கள் ஒரு தேர்வை வைத்துவிட்டு நழுவுகிறார்கள்.

நியாயம்தான். ஆனால் டீஃபால்ட்டே தப்பாகிவிட்டால்? 2004-ல் வந்த 2.6 பதிப்பில் ஒவ்வொரு கோப்புறையும் தனி விண்டோவாகத் திறந்தது. ஐந்து அடுக்கு உள்ளே போனால் திரையில் ஐந்து விண்டோ. ஒரேயடியாக மாற்றும் வழி ஜிகான்ஃப் என்ற கிடங்குக்குள் புதைந்து கிடந்தது. (சாதாரண ஆள் அங்கே எப்படிப் போவார்?) 2010-ன் 2.30 பதிப்பில்தான் இந்த டீஃபால்ட் மாறியது.

இடையில் 2005 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ், பயனர்களை முட்டாள்களாக நினைக்கிறார்கள் என்று திட்டி, எல்லோரும் கேடிஇ-க்குப் போங்கள் என்றார்.

2011-ல் க்னோம் 3 வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கோபமடைந்த சிலர் மேட் என்ற தனிக்கிளையைத் தொடங்கி, பழைய பதிப்பைக் காப்பாற்றினார்கள். எந்தப் பதிப்பை? செட்டிங்குகளைத் தொலைத்ததற்காக ஒரு காலத்தில் திட்டு வாங்கிய அதே க்னோம் 2-ஐ!