கண்ணிலார் சொல்லும் கேட்போர் கடனும்

தொண்டை நன்னாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் அவதரித்த பதியாதலின் சைவவுலகம் போற்றும் பெருமையுடையது. அருண்மொழித்தேவர் என்னும் பிள்ளைத் திருநாமம் பூண்ட அவர், 12-ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனுக்கு அமைச்சராய் அமர்ந்திருந்து, திருத்தொண்டர் புராணத்தை அருளிச்செய்தார். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பாற் கொண்ட பேரன்பினால், அப்பெயராலேயே தம் ஊரிலும் ஒரு திருக்கோயில் எடுப்பித்தார். அக்கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அவர் விரித்துரைத்த அடியார் வரலாறுகளுள், விழிப்புலன் இல்லாதார் இருவர் வரலாறு தனித்து ஆராயத்தக்க பொருளொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. கண்ணிலார் தம் நிலையைத் தாமே எடுத்துரைத்தலும், அவ்வுரைகொண்டு தமக்கு வேண்டுவதைக் கேட்டலும், கேட்டார் அதற்கேற்பச் செயலாற்றுதலுமே அப்பொருளாம்.

இருவருள் முதல்வர் திருவாரூர்த் தண்டியடிகள். இவர் வரலாறு மூன்று நூல்களிற் படிப்படியாக விரிந்து வந்துள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகை, ‘நாட்டம்’ என்னும் சொல்லை அடையாகக் கொடுத்து இவரைப் போற்றுகின்றது. நாட்டம் என்பது கண்ணையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். கண்ணில்லாதவருக்கு அச்சொல்லையே புகழாகச் சூட்டியது உய்த்துணரத்தக்கது. நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி, இவர் கயிற்றைப் பற்றிக்கொண்டு குளந்தோண்டிய செய்தியை உரைக்கின்றது. சேக்கிழார் அதனைப் பின்னும் விளக்கி, அக்கயிறு கட்டப்பட்ட முறையையும், அடிகளுக்கு நேர்ந்த இடையூற்றையும், அரசன் வந்து கேட்ட முறைமையையும் விரிவாகக் கூறுகின்றார்.

அவ்வரலாறு வருமாறு: திருக்கோயிலின் மேற்றிசையிலுள்ள தீர்த்தக்குளம், சூழ அமைந்த அமணர் இருக்கைகளால் இடங்குறைந்து போயிற்று. அதனைக் கல்லி விரிவாக்கத் தண்டியடிகள் கருதினார். குளத்தினுள்ளே ஒரு தறியும், கரையின்மேல் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றாற் பிணித்தார். அக்கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, மீண்டும் கயிற்றின் வழியே ஏறிவந்து கொட்டினார். அமணர் வந்து, மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் மாயும் என்று தடுத்தனர். அடிகள் தாம் செய்வது சிவப்பணி என விடையிறுத்தார். கண்ணோடு செவியும் இழந்தாயோ என்று அவர்கள் இகழ்ந்தனர். அருளாற் கண்பெற்றால் யாது செய்வீர் என அடிகள் வினவ, அவ்வாறாயின் இவ்வூரில் இரோம் என்றுரைத்து, மண்வெட்டியையும் கூடையையும் பறித்துத் தறிகளையும் பிடுங்கி எறிந்தனர். அடிகள் கோயில் வாயிலை அடைந்து, தமக்கு நேர்ந்த அவமானத்தை இறைவனிடம் முறையிட்டுத் தம் மடத்துக்குச் சென்று துயின்றார். இறைவன் அவர் கனவிலும் அரசன் கனவிலும் தோன்றினான். பொழுது புலர்ந்ததும் அரசன் அடிகளை நாடி வந்தான். நிகழ்ந்தவற்றை அடிகள் முறைப்பட உரைத்தார். அரசன் அமணரிடத்தும் கேட்டறிந்து, இரு திறத்தாரையும் குளக்கரைக்கு அழைத்துச் சென்றான். அடிகள் நீரில் மூழ்கிக் கண்பெற்று எழுந்தார். பின்னர்த் திருப்பணியையும் நிறைவேற்றினார்.

இவ்வரலாற்றிற் கண்பெற்ற அற்புதத்தை மட்டும் நினைந்து அமைவார் பலர். அதற்கு முன்னுள்ள மூன்று செய்திகளும் அவ்வளவே கருதத்தக்கவை. முதலாவது, தறியும் கயிறுமாகிய உபாயம் அடிகளே வகுத்துக்கொண்டது. கண்ணில்லாமை அவர் பணிக்குத் தடையாகவில்லை. கயிற்றைப் பறித்த கைகளே தடையாயின. இரண்டாவது, கண்ணில்லாதவனுக்குச் செவியும் இல்லை, அறிவும் இல்லை எனக் கொள்ளும் பேதைமை. விழிப்புலன் இழந்தாரோடு பேச வேண்டியவற்றை அவருடன் வந்தாரை நோக்கிப் பேசும் வழக்கமாக அப்பேதைமை இன்றும் வாழ்கின்றது. மூன்றாவது, அரசன் செயல். இறைவனே கனவிற் பணித்திருந்தும், அரசன் அதுவே அமையுமென்று ஆணை பிறப்பித்துவிடவில்லை. பாதிக்கப்பட்டவரிடம் தானே நடந்து சென்று, அவர் வாய்மொழியைக் கேட்டு, எதிர்த்தரப்பையும் வினாவினான். வழக்கறி முறைமை இதுவேயன்றோ?

இருவருள் மற்றவர், தொகையிலே தண்டியடிகளைப் போற்றிய சுந்தரரே ஆவர். பிறவியிற் கண்ணில்லாதாரைக் கண்ணுடையராயிருந்த காலத்திற் புகழ்ந்த அவர், பின்னர்த் தாமும் கண்ணிழந்தார். திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் எனச் செய்த சூளுறவைக் கடந்து ஆரூர்க்குப் புறப்பட்டவுடன் அவர் இரு கண்களும் மறைந்தன என்பது ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தாற் பெறப்படும். பிறவியிலேயே கண்ணில்லாதார் நிலைமையும் இடையிலே இழந்தார் நிலைமையும் ஒன்றல்ல. முன்னவர்க்கு உலகம் தொடக்கம் முதலே தொட்டும் கேட்டும் அறியப்படுவது. பின்னவர்க்கோ நேற்றுக் கண்ட வழியே இன்று காடாகின்றது. ஆற்றாமையும் சினமும் நாணமும் ஒருங்கே எழுகின்றன. இவை அனைத்தும் சுந்தரர் திருப்பதிகங்களிற் பதிவாகியுள்ளன.

திருவொற்றியூரில் அவர் பாடிய பதிகம் இவ்வகையில் அரியதொரு சான்று. ஒருவன் கோலைப் பற்றி இழுத்துச் செல்லத் தாம் பின்னே நாய்போல் ஈர்ப்புண்டு செல்லும் இழிவை அதில் அவர் உரைக்கின்றார். வீட்டிலுள்ளாரே தம்மைக் கண்ணிலி என விளித்துப் புறக்கணிக்கும் சொல்லைப் பொறுக்கமாட்டேன் என்கின்றார். மூன்று கண்ணுடையான் தம் இரு கண்ணையும் கொள்ளுதல் நீதியாமாயின், ஊன்றுதற்கு ஒரு கோலேனும் தரவேண்டுமென்று வழக்குரைக்கின்றார். இவை உவமைக்காகப் புனைந்த துன்பங்கள் அல்ல. பட்டவர் அல்லாதார் அறியவொண்ணாத நுட்பங்கள். கண்ணிலாரை வழிநடத்துவோர் அவரைக் கோலாலோ கையாலோ இழுத்தலாகாது, தம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள விட்டு முன்னே நடத்தல் வேண்டும் என்பது இக்காலப் பயிற்சியாளர் கற்பிக்கும் முதற்பாடம். அப்பாடத்தின் தேவையைச் சுந்தரர் தம் மெய்வருத்தத்தால் ஓராயிரம் ஆண்டுகட்கு முன்பே உரைத்துவிட்டார்.

அவர் வேண்டுகோள் நிறைவேறிய முறையும் நோக்கத்தக்கது. திருவெண்பாக்கத்தில் முதற்கண் கிடைத்தது ஊன்றுகோல். அதன்பின் கச்சியில் இடக்கண்ணும், நெடுவழி கடந்து திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. கோல் பெற்றபின் அவர் கண்ணைக் கேட்பதை நிறுத்தவில்லை. கண்ணைக் கேட்கின்றவருக்குக் கோல் எதற்கென்று யாரும் மறுக்கவும் இல்லை. ஆரூர்ப் பதிகத்திலோ அவர் முறையீடு ஊடலாகவும் வழக்காகவும் முதிர்கின்றது. தாம் மீளா அடிமை என்பதை முன்வைத்து, பழி தம்மைச் சாராது ஆண்டானையே சாரும் என எடுத்துரைத்து, கொடாவிடின் நீரே வாழ்ந்துபோவீர் எனக் கூறுமளவும் அவர் துணிகின்றார். அச்சொல் குற்றமாகக் கொள்ளப்படவில்லை, திருமுறையாக ஓதப்படுகின்றது.

மருத்துவத்துறைக்கும் இம்முறைமை பொருந்தும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நான்காக வகுத்து, நோயுற்றவனையே முதலில் வைத்தார். சென்னையிற் கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. உலகிலேயே பழைமை வாய்ந்த கண் மருத்துவமனைகளுள் அஃது ஒன்று. கண்புரையை அறுவை மருத்துவத்தால் நீக்கிப் பார்வையை மீட்டல் இன்று எளிதாயிற்று. ஆயினும் கண்ணழுத்த நோயாற் போன பார்வை மீள்வதில்லை. மருந்து முடியும் அவ்விடத்திற் கோலும் பயிற்சியும் தொடங்க வேண்டும். கண் தருவோம், அதுவரை பொறு என்பதும், கண் இனி வாராது, போ என்பதும் ஆகிய இரண்டுமே நோயாளியின் சொல்லைக் கேளாமையின் விளைவு. வெண்பாக்கத்துக் கோல் அவ்விரண்டுக்கும் மறுப்பாக நிற்கின்றது.

இனி, ஒரு தடை நிகழ்தல் கூடும். சுந்தரர் கண்ணிழந்தது சூளுறவு பிழைத்தமையால். அமணர் கண்ணிழந்தது அடியாரை இகழ்ந்தமையால். ஆதலின் கண்ணில்லாமை தண்டனையே என்று கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. தண்டியடிகள் கண்ணின்றிப் பிறந்தமைக்குச் சேக்கிழார் எவ்வகைப் பழவினையையும் காரணமாகக் காட்டவில்லை. ஆரூரிற் பிறக்குந் தவமுடையார் என்றும், புறக்காட்சியை விட்டொழித்தாரைப் போன்றவர் என்றுமே அறிமுகம் செய்கின்றார். அமணர்பாற் கூறப்படும் முடிவு, சமயப்பூசல் மிக்க காலத்தின் குரலாக உணரத்தக்கதேயன்றி, கண்ணிழந்தார் எவர்மீதும் குற்றஞ்சாற்றுதற்குக் கருவியாகக் கொள்ளத்தக்கதன்று. சுந்தரர் செய்தி ஒருவர்க்கும் அவர் தோழர்க்கும் இடைநிகழ்ந்த தனி வழக்கு. அதனைப் பொதுவிதியாக்குதல் நூற்கருத்தன்று.

சாத்திரமும் இதற்குத் துணைசெய்கின்றது. கண் என்பது அறிகருவி, அறிவது உயிர். உயிர் நின்று காட்டினாலன்றிக் கண் காணாது என்பது மெய்கண்டார் எடுத்துக்காட்டும் உவமை. கருவியொன்று பழுதுற்றதனால் அறிவோன் பழுதுற்றானாகான். ஆணவமலத்தை இருளென்றும், அதனால் மறைப்புண்ட உயிரைக் கண்ணிலாரோடு ஒப்பித்தும் பேசும் வழக்கு நூல்களில் உண்டு. அவ்வுவமை எல்லா உயிர்க்கும் பொதுவானது; கண்ணுடையார்க்கும் அவ்விருள் உண்டு. பொதுவாகிய அதனைத் தெருவிற் கோலூன்றிச் செல்லும் ஒருவர்மேல் மட்டும் ஏற்றி, அவரை அறிவிலியென்று எண்ணுதல் உவமையையும் அறியாமை, ஒருவரையும் அறியாமை.

இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. கச்சியில் ஒரு கண் பெற்ற சுந்தரர் ஆரூர் செல்லும் வழியில் வணங்கிப் பாடிய திருப்பதிகளுள் திருவாமாத்தூரும் ஒன்று. அவ்வூர்க் கோயிலிலே சோழர் காலத்தில், கண்ணிலார் 16 பேர் திருப்பதிகம் பாடுவதற்கும், அவர்க்குக் ‘கண்காட்டுவார்’ இருவர் உடனிருப்பதற்கும் நிவந்தம் அமைக்கப்பட்டமை கல்வெட்டால் அறியப்படுகின்றது. பாடுவார்க்குச் சோறு கொடுத்ததோடு அறம் முடிந்ததாக எண்ணாமல், வழிகாட்டுவார்க்கும் சேர்த்துப் பொருள் ஒதுக்கினர். அவர்கள் இரந்து நின்றவரல்லர். பணிசெய்து ஊதியம் பெற்றவர். துணைவரும் அப்பணியின் ஓர் உறுப்பாகவே எண்ணப்பட்டனர்.

தொண்டைமண்டலத்திற் பின்னர்த் தோன்றிய அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் ஈண்டு நினையத்தக்கவர். பிறவியிலேயே கண்ணில்லாத இவர் 17-ஆம் நூற்றாண்டினர். முதுகிலே எழுத்துக்களை எழுதிக்காட்டி இவருக்குக் கல்வி பயிற்றினர் என்பது வழிவழி வரும் செய்தி. திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்களை இவர் இயற்றினார். தண்டியடிகள் குளங்கல்லிய ஊர்க்கும், சுந்தரர் கண்பெற்ற ஊர்க்கும் உரிய திருவாரூருலாவும் இவர் வாக்கே. அதனை உ. வே. சாமிநாதையர் 1905-இல் அச்சிட்டு வழங்கினார்.

சேக்கிழார் புராணம் தில்லையிலே ஓதி விரித்துரைக்கப்பட்ட காலத்தில், கண்ணுடையாரும் கண்ணிலாரும் செவியால் ஒப்பவே அதனைப் பெற்றனர். நூல்கள் ஏட்டிலும் தாளிலும் ஒடுங்கியபின் அவ்வொப்புமை குறைந்தது. அதனை மீட்டவருள் தலையானவர் பிரான்சு தேசத்து லூயி பிரெயில். 1809-இற் பிறந்து இளமையிலேயே கண்ணிழந்த அவர், விரலால் தடவிப் படிக்கும் ஆறுபுள்ளி எழுத்துமுறையை 1829-இல் நூலாக வெளியிட்டார். அவருக்கு முன் பாரிசுப் பள்ளியிற் கண்ணுடையார் வகுத்துத் தந்தவை, கண்ணுக்குரிய எழுத்து வடிவங்களையே மேடாக்கியவை, விரலுக்கு இசையாதவை. பிரெயில் தம் விரலைக் கேட்டு எழுத்தமைத்தார். தண்டியடிகள் கட்டிய கயிறும் அத்தன்மையதே. இந்திய மொழிகளுக்குப் பொதுவாகிய பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழும் அதன்வழி எழுதப்படுகின்றது. குன்றத்தூர்க்கு வடக்கே அண்மையிலுள்ள பூந்தமல்லியில் இவ்வெழுத்தைப் பயிற்றும் அரசினர் பள்ளி நடைபெறுகின்றது.

முறையீடு சட்டமாகவும் உருப்பெற்றுள்ளது. மாற்றுத்திறனாளர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-இல் இயற்றப்பட, இந்தியா 2007-இல் அதனை ஏற்றது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2016-இல் வந்த உரிமைச் சட்டம், அரசுப் பணிகளில் நூற்றுக்கு 4 இடங்களை மாற்றுத்திறனாளர்க்கு ஒதுக்கி, அவற்றுள் ஒன்றைப் பார்வையற்றார்க்கும் குறைபார்வையர்க்கும் உரியதாக்கியது. அச்சுநூல்களைப் பார்வையற்றார் படிக்கத்தக்க வடிவில் ஆக்குதற்குப் பதிப்புரிமை தடையாகாதபடி 2013-இல் மராக்கேஷ் நகரில் உடன்படிக்கை நிறைவேறிற்று. 2014-இல் அதனை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியாவே. தம்மைப் பற்றிய முடிவு தம்மையன்றி எடுக்கப்படலாகாது என்பது இம்முயற்சிகள் அனைத்திற்கும் அடிப்படையாகிய கொள்கை.

சட்டம் இருந்தும் கேட்பார் இல்லாதவழி அது பயன்படாது. ஆரூர் அரசன் செயலில் விளங்குவது இதுவே: முறையிட்டவர் அவைக்களம் தேடி அலையவில்லை, கேட்க வேண்டியவன் அவரிடம் சென்றான், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டான், பின்னரே மற்றவரை வினவினான். மருத்துவர், ஆசிரியர், ஊராட்சியாளர், இல்லத்தார் யாவர்க்கும் உரிய கடன் அதுவேயாம். பிடுங்கப்பட்ட தறியை மீண்டும் எவ்விடத்தில் நடுதல் வேண்டும் என்பதைக் கயிற்றைப் பற்றி நடப்பவரே அறிவர்.