சொல்லும் கூலியும்

தரகர் என்றாலே இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்கிறவர் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். லண்டன் கப்பல் தரகர்களின் சரித்திரத்தைப் படித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

1744-ல் திரெட்நீடில் தெருவில் ஒரு காப்பிக் கடை 'வர்ஜீனியா அண்டு பால்டிக்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஒருவரிடம் சரக்கு, இன்னொருவரிடம் காலிக் கப்பல். இருவரையும் அங்கே சேர்த்துவைத்தவர் தரகர். கப்பல் குவிந்தால் கூலி இறங்கும். சரக்கு குவிந்தால் ஏறும். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் கண்காணாத கடலில் போகும் கப்பலை எதைக்கொண்டு நம்புவது? சூதாட்டக்காரர் புகுந்து விலையை ஆட்டிவைக்கவே, 1823-ல் விதிகள் வகுத்து அங்கத்தினர் அல்லாதவருக்குக் கதவை அடைத்தார்கள். 'நம் சொல்லே நம் பத்திரம்' என்பது பின்னாளில் பால்டிக் எக்ஸ்சேஞ்சு ஆகிவிட்ட அந்தச் சபையின் வாக்கியம். காகிதம் பிறகு வரும். வாயால் பேசி முடித்ததே முடிவு. சொல் தவறியவரோடு மறுநாள் யார் பேரம் பேசுவார்கள்? அவர் பிழைப்பே போயிற்று அல்லவா?

1985-ல் அந்தச் சபை கூலிக் குறியீடு வெளியிடத் தொடங்கியது. இன்ன வழிக்கு இன்ன கூலி என்று பல தரகர்கள் தெரிவிக்க, அதிலிருந்து சராசரி எடுத்தார்கள். உலகமெங்கும் வியாபாரிகள் நம்பும் அந்த எண்ணுக்கு அடியிலும் இருப்பது தரகர் வாக்குத்தான்! இப்போதெல்லாம் தரகர் என்றால் நான் முகம் சுளிப்பதில்லை.