ஒரு அணா, ஒரு பாஸ்புக், மூணு நர்ஸ்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் நீளம், ஒரு டீயோட உட்காருங்க.

"கவரேஜ்"ங்கற வார்த்தை நமக்கெல்லாம் மொபைல் நெட்வொர்க்ல இருந்துதான் பழக்கம். கம்பெனி மேப்பைப் பார்த்தா ஊர் முழுக்கக் கலர் அடிச்சிருப்பாங்க. டவரும் இருக்கும். ஆனா உங்க பெட்ரூமுக்குள்ள போனா சிக்னல் இருக்காது.

அரசுப் பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் இதே கதைதான். ஊருக்கு ஒரு ஸ்கூல் கட்டியாச்சு, மேப்ல கலர் அடிச்சாச்சு. ஆனா காலையில பட்டினியா வந்த பையன் மதியத்துக்கு மேல அங்க இருக்க மாட்டான். டாக்டர் இருக்கார், சீட்டும் எழுதித் தர்றார், கவுண்டர்ல மாத்திரை இல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலி எடுத்தா கதவுல பூட்டு தொங்குது.

கல்வியையும் மருத்துவத்தையும் எல்லாருக்கும் எப்படிக் கொண்டு போறதுன்னு பேசும்போது, நாம பெரும்பாலும் கட்டடம், பட்ஜெட், புதுத் திட்டத்தோட பேர் பத்திதான் பேசுறோம். தமிழ்நாட்டோட நூறு வருஷத்தைப் பார்த்தா, உண்மையில வேலை செஞ்சது வேற. கடைசிப் பத்து அடியில என்ன இடிக்குதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு மட்டும் ஒரு சின்ன ஏற்பாடு. அப்படி மூணு கதை சொல்றேன்.

ஒரு அணா

1920, மெட்ராஸ். நீதிக்கட்சியோட சர் பிட்டி தியாகராயர் அப்போ மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில மதிய உணவு கொடுக்கலாம்னு அந்த வருஷம் செப்டம்பர்ல தீர்மானம் போடுறாங்க. ஒரு நிபந்தனை: ஒரு மாணவனுக்கு ஒரு நாள் செலவு ஒரு அணாவைத் தாண்டக் கூடாது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதுல ஒண்ணு.

அடுத்து இன்னும் நாலு பள்ளிகளுக்கு இது விரியுது. அந்த அஞ்சு பள்ளிகள்லயும் சேர்த்து 1922-23-ல் 811 பேர் படிச்சாங்க. 1924-25-ல் 1,671 பேர். ரெண்டே வருஷத்துல ரெண்டு மடங்கு! புதுசா பாடத்திட்டம் வரல, மாறினது சாப்பாடு.

அப்புறம் என்ன ஆச்சு? 1925 ஏப்ரல் 1-ஆம் தேதியோட திட்டம் நின்னுடுச்சு. திட்டம் தோத்ததால நிறுத்தல. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு பண்ண பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கல, அவ்வளவுதான். கல்விக்கான பணம் கல்விக்கு மட்டும்தான், சாப்பாடு எப்படிக் கல்வி ஆகும்ங்கற கணக்கு. 1927-ல் 25 பள்ளிகள்ல 1,000 ஏழை மாணவர்களுக்குன்னு மறுபடி ஆரம்பிச்சாங்க. ஆனா அந்த 1925-ஐ மறக்கக் கூடாது. நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை, செலவு எந்தத் தலைப்புல எழுதப்படுதுங்கற ஒரே காரணம் கொன்னுடுச்சு.

இப்போ 1953-க்கு வருவோம். ராஜாஜி முதலமைச்சர். எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வேணும், பணம் இல்ல. அவர் கொண்டு வந்த திட்டத்தை ஒரு இன்ஜினியர் கண்ணோட பாருங்க. பிள்ளைகளை ரெண்டு ஷிஃப்ட்டாப் பிரி, ஒவ்வொருத்தருக்கும் தினமும் மூணு மணி நேரம் பாடம். அதே கட்டடம், அதே வாத்தியார், ரெண்டு மடங்கு மாணவர்கள். பேப்பர்ல பார்த்தா கெட்டிக்காரத்தனமான தீர்வு. மீதி நேரத்துல பிள்ளைங்க என்ன பண்றது? அப்பா செய்யற தொழிலைக் கத்துக்கணும். சலவைத் தொழிலாளி பையன் எதைக் கத்துப்பான்னு மக்களுக்குப் புரியாமலா இருக்கும்? "குலக்கல்வித் திட்டம்"னு பேர் வந்துச்சு, பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போச்சு.

காமராஜருக்கும் அதே பணப் பிரச்சனைதான். ஆனா அவர் கேட்ட கேள்வி வேற. ஒரு வாத்தியார்கிட்ட எத்தனை பேரை அனுப்பலாம்னு கேக்காம, பிள்ளை ஏன் வர மாட்டேங்குதுன்னு கேட்டார். பதில் பசி. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வருது. பொதுக்கல்வி இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதைத் தோள்ல சுமந்தவர். மொத்தச் செலவையும் அரசு ஏத்துக்கல. ஊர் மக்களும் உள்ளாட்சிகளும் ஒரு பங்கு போடணும், அரசு ஒரு பங்கு போடும். அதே பாணியில 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம்னு அந்தந்த ஊர்க்காரங்களே கொடுத்தாங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. நான் காசு போட்ட பள்ளிக்கூடத்துல வாத்தியார் வரலைன்னா, நான் சும்மா இருப்பேனா?

1982 ஜூலையில எம்.ஜி.ஆர். இதைச் சத்துணவுத் திட்டமாப் பெருசாக்கினார். "வீண் செலவு, ஓட்டுக்காகப் பண்றார்"னு நிறைய விமர்சனம் வந்துச்சு. அதுல நான் கவனிக்கிறது ஆள் ஏற்பாடு. மையத்துக்கு ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர். பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பெண்கள், ஆதரவில்லாத பெண்களுக்கு முன்னுரிமை. சமைக்கிறது வாத்தியாரோட கூடுதல் வேலையா இல்லாம, அதுக்குன்னே சம்பளம் வாங்குற ஒரு ஆள். 1989-ல் கலைஞர் ஆட்சியில முட்டை சேர்ந்தது, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அது ஏறி ஏறி 2010-ல் வாரத்துக்கு அஞ்சு ஆச்சு. ஆட்சி மாறுச்சு, திட்டம் மாறல. வந்தவங்க எல்லாரும் முன்னாடி இருந்ததுக்கு மேல ஒரு அடுக்கு வெச்சாங்க. 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகள்ல சமைச்ச சாப்பாடு தரணும்னு உத்தரவு போட்டப்போ, அது நடக்கிற காரியம்தான்னு காட்ட தமிழ்நாடு ஏற்கெனவே இருந்தது.

ஒரு பாஸ்புக்

ரெண்டாவது கதை மருந்து. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இது சுத்தமான சிஸ்டம் டிசைன்.

அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் இலவசம், ஆனா "மாத்திரை ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டா அந்த இலவசத்துக்கு அர்த்தமே இல்ல. இதுக்குத் தமிழ்நாடு 1994-ல் ஒரு நிறுவனம் தொடங்குச்சு: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், எல்லாரும் சொல்றது டிஎன்எம்எஸ்சி. 1995 ஜனவரியிலிருந்து மருந்து சப்ளை. அதை வடிவமைச்சதுல முக்கியமானவர் பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி.

எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. முதல்ல, அவசியமான மருந்துகளோட ஒரு சின்னப் பட்டியல், பிராண்ட் பேர்ல இல்லாம மருந்தோட பொதுப் பேர்ல. மாநிலம் முழுக்கத் தேவையானதைச் சேர்த்து ஒரே டெண்டர். டெண்டர்ல ரெண்டு கவர். முதல் கவர்ல கம்பெனிக்குத் தகுதி இருக்கா, தொழிற்சாலை ஒழுங்கா இருக்கா. அதுல பாஸ் ஆனாத்தான் விலை எழுதின ரெண்டாவது கவரையே பிரிப்பாங்க.

மருந்து வந்ததும் ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிள் எடுத்து, எந்தக் கம்பெனின்னு தெரியாத மாதிரி மறைச்சு, லேபுக்கு அனுப்புவாங்க. பாஸ் ஆனாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஸ்ட்ரிப்லயே "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல"ன்னு அச்சு இருக்கும். பின்வாசல் வழியா மெடிக்கல் ஷாப்புக்குப் போனா பார்த்தவுடனே தெரிஞ்சுடும்.

இதுல ஹீரோ பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். வர்ற நோயாளிகளுக்குத் தகுந்த மாதிரி வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்னு அதுல வரவு வைப்பாங்க. மாவட்டக் கிடங்குல போய், உங்களுக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கலாம், அந்தத் தொகை கழியும். இதுக்கு முன்னாடி மேல இருக்கறவங்க எதை அனுப்பினாங்களோ அதுதான். பாம்புக்கடி அதிகமா வர்ற ஊருக்கும் நகரத்து ஆஸ்பத்திரிக்கும் ஒரே மாதிரி பெட்டி வந்தா என்ன பிரயோஜனம்? வாங்குறதை ஒரே இடத்துல குவிச்சாங்க, எதை எடுக்கணும்ங்கற முடிவைக் கடைசி ஆஸ்பத்திரிகிட்ட கொடுத்தாங்க. இந்த மாதிரியைப் பார்த்துத்தான் பின்னாடி கேரளாவும் ராஜஸ்தானும் தங்களுக்குன்னு கழகம் தொடங்குனாங்க.

மூணு நர்ஸ்

மூணாவது கதை பிரசவம். குழந்தை ஆபீஸ் டைம் பார்த்துப் பிறக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்துல பகல்ல டாக்டர் இருப்பார், சாயங்காலம் பூட்டிடுவாங்க. அப்போ கர்ப்பிணிப் பெண் எதை நம்பி அங்க போவாங்க? ஒண்ணு வீட்டுலயே பிரசவம், இல்ல கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரி.

2000-களின் நடுவுல வந்த தீர்வு, சொன்னா சிரிப்பீங்க. ஒரு நிலையத்துக்கு மூணு ஸ்டாஃப் நர்ஸ். எட்டு மணி நேரத்துக்கு ஒருத்தர்னா 24 மணி நேரமும் ஆள் இருக்கும். அவ்வளவுதான் கணக்கு. இதோட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருந்த மகப்பேறு உதவித்தொகையை 2006-ல் 6,000 ரூபாயா உயர்த்தினாங்க. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்துச்சு. கதவு திறந்திருக்கு, போக வண்டி இருக்கு, கையில கொஞ்சம் காசு இருக்கு. மூணும் சேர்ந்தப்போதான் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பி வர ஆரம்பிச்சாங்க.

ஆனா இந்த ஏற்பாடு யார் தலையில நிக்குது? ஒப்பந்த அடிப்படையில எடுத்த நர்ஸ்கள் தலையில. 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல அவங்க உட்கார்ந்து போராடினப்போ, பலரோட சம்பளம் மாசம் 7,700 ரூபாய். சத்துணவு ஊழியர்களோட நீண்ட காலப் போராட்டமும் இதே மாதிரிதான். கம்மிச் செலவுல நல்ல ரிசல்ட்னு தமிழ்நாட்டைப் பத்திப் பெருமையாச் சொல்றோம். அந்தக் கம்மிச் செலவுல ஒரு பங்கு இந்தப் பெண்கள் சம்பளத்துல இருந்து வந்தது. இதைச் சொல்லாம விட்டா கதை பாதிதான்.

சரி, இப்போ என்ன கேக்கணும்?

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-லிருந்து முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும்னு இன்னைக்குக் கார்டு இருக்கு. பெரிய ஆபரேஷனுக்கு அது உயிர் காக்கும், சந்தேகமே இல்ல. ஆனா நம்ம அப்பா அம்மாவுக்குத் தினமும் வேண்டியது சுகர் மாத்திரையும் பிபி மாத்திரையும். அது அந்தக் கார்டுல வராது, அந்தப் பாஸ்புக்லதான் வரும். மாத்திரை மாசாமாசம் கையில கிடைச்சா, அந்த ஆபரேஷன் பலருக்குத் தேவையே படாது. அதனால கார்டைக் காட்டி "கவரேஜ் முடிஞ்சது"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வர்றது, இந்தக் கடைசிப் பத்து அடியைப் புரிஞ்சுக்கிட்ட திட்டம். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். 1920-ல் கேட்ட கேள்வியையே இன்னும் நாலு மணி நேரம் முன்னாடி கேக்குது.

நாம சிட்டியில இருக்கோம், இன்சூரன்ஸ் ஆபீஸ்ல தர்றாங்க, நமக்கென்னன்னு தோணலாம். வேலை போனா அந்த இன்சூரன்ஸும் போயிடும்னு ஐ.டி.யில இருக்கற யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

செய்ய முடிஞ்சது மூணு. உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க, ஒரு தடவை போய் பிபி பாருங்க. சுகர், பிபி மாத்திரை ஒரு மாசத்துக்கு முழுசாத் தர்றாங்களா, சாயங்காலம் எத்தனை மணி வரை ஆள் இருக்காங்கன்னு கேளுங்க. இல்லைன்னா அதை வார்டு கவுன்சிலர்கிட்டயும் பகுதி சபாக் கூட்டத்துலயும் கேளுங்க. அடுத்தது, கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட பிள்ளை அரசுப் பள்ளியில படிச்சா, அவங்க அந்தக் குழுவுல பேசலாம்னு அவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க. மூணாவது, புதுத் திட்டம் ஒண்ணு அறிவிச்சா, எத்தனை கோடின்னு பார்த்துட்டு விட்டுடாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க யார் இருப்பாங்க, அவங்களுக்கு என்ன சம்பளம், அது பட்ஜெட்ல எந்தத் தலைப்புல இருக்குன்னு கேளுங்க. 1925-ல் அந்த ஒரு அணாவை நிறுத்தினது அந்தத் தலைப்புதான்.

உங்க ஏரியா சுகாதார நிலையத்துக்குப் போயிட்டு வந்தா என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.