அந்தத் தண்ணீரை யார் ஊற்றுவது?



நம் லாபியில் கடல் மீன் தொட்டி ஒன்று வைக்கலாம் என்ற யோசனை இரண்டு கூட்டங்களாகப் பேச்சில் இருக்கிறது. குழந்தைகள் ஏற்கெனவே மீனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "இப்போதெல்லாம் பெரிய மெனக்கெடல் இல்லை சார், எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று கடைக்காரர் சொன்னதாகவும் கேள்வி. அடுத்த பொதுக்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வரப்போகிறது. அதற்கு முன்னால், கடலை வீட்டுக்குள் கொண்டுவந்த மனிதர்களின் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சுமார் 190 வருடக் கதை இது. "மெனக்கெடல் இல்லாமல்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியவில்லை.

முதலில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரம். பிரான்ஸில் தையல் வேலை செய்து, பிறகு திருமணமாகி அங்கே குடியேறியவர் ழான் வில்ப்ரூ பவர். ஆர்கோனாட் என்று ஒரு சிறிய கடல் உயிரினம் உண்டு, ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்தது. காகிதம் போல மெல்லிய ஓட்டுக்குள் வாழும். அந்த ஓட்டை அதுவே செய்துகொள்கிறதா, சங்குக்குள் புகும் நண்டு போல வேறொன்றின் ஓட்டை எடுத்துக்கொள்கிறதா என்று அறிஞர்களிடையே நெடுநாள் சண்டை. உயிரோடு வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்காக 1832-ல் அவர் கண்ணாடித் தொட்டிகள் செய்தார். ஓட்டை அது தானேதான் செய்கிறது, உடைந்தால் தானே ஒட்டுப்போடுகிறது என்று கண்டார். கடல் அவர் வாசலிலேயே இருந்ததால் அவருக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

கடல் இல்லாத ஊரில்தான் தண்ணீர்ப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. 1846-ல் ஆனா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் தென்கரையில் டார்க்கி என்ற ஊருக்குப் போனார். அங்கே கிடைத்த கல்பவளங்களைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். ஒரு ஜாடியில் கடல் தண்ணீரோடு அவற்றை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்த தண்ணீர் சில நாளில் கெடத் தொடங்கியது. தினமும் கடலிலிருந்து வரவழைக்க முடியாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. நம் ஊரில் டீ ஆற்றுவது போலத்தான். காற்று கலந்தது, பவளங்கள் பிழைத்தன. தினம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை இந்த ஆற்றல் நடந்தது.

ஆற்றியது யார்? வீட்டில் வேலை செய்த ஒரு சிறுபெண். களைப்பூட்டும் வேலைதான், ஆனால் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது என்று எஜமானி பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த வருடம் ஆனா தைன் கடற்பாசிகளையும் தண்ணீரில் சேர்த்தார். பவளங்கள் ஏறக்குறைய மூன்று வருடம் உயிரோடு இருந்தன. ஊருக்குள் கடல் உயிர்களை இவ்வளவு நாள் காப்பாற்றிய முதல் சிலரில் அவர் ஒருவர். அந்தப் பெருமையில் பாதி அந்தச் சிறுபெண்ணின் தோள்பட்டைக்குச் சேர வேண்டும்.

அந்த வேலையைச் செடியின் தலையில் கட்டலாம் என்று காட்டியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். 1850-ல் அவர் ஒரு சோதனையை வெளியிட்டார். தொட்டியில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொண்டு ஆக்ஸிஜன் தருகிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. தண்ணீரை மாற்றவே தேவையில்லை. இதுதான் "மெனக்கெடல் இல்லாத தொட்டி"யின் முதல் வடிவம். நன்னீரில் இது ஓரளவு நடந்தது. கடல் நீரில் பலருக்குக் காலை வாரியது. காரணம் அப்போது யாருக்கும் தெரியாது.

ஆனாலும் ஊர் காத்திருக்கவில்லை. கண்ணாடி மீதான வரியை இங்கிலாந்து 1845-ல் நீக்கியிருந்தது. ரயில் வந்துவிட்டது. 1853-ல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று ஒரு வீடு திறந்தார்கள். அதற்கு உயிரினங்கள் சேர்த்துக்கொடுத்த பிலிப் ஹென்றி காஸ் 1854-ல் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை எழுதினார். அதோடு பைத்தியம் பிடித்தது போல ஆயிற்று. நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைகளில் எல்லாம் தொட்டி. கடல் தண்ணீரே லண்டன் கடையில் விலைக்குக் கிடைத்தது. கடலுக்குப் போக முடியாதவர்களுக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறையையும் காஸ் சொல்லிக்கொடுத்தார்.

சில வருடங்களில் மோகம் தணிந்தது. நாறிய தண்ணீரும் செத்த மீனும்தான் பெரும்பாலோருக்கு மிச்சம். கடற்கரையில் வேறொரு சேதமும் நடந்திருந்தது. தந்தையின் புத்தகத்தைப் படித்து வந்த கூட்டம் பாறைக்குட்டைகளைச் சூறையாடிவிட்டதை, மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வருத்தத்தோடு பதிவு செய்தார். எளிதாக்குகிறேன் என்று தொடங்கிய ஒரு நல்ல மனிதர், தான் நேசித்த கரையே வெறுமையானதைக் கண்டார்.

அடுத்த படியை எடுத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. லண்டனில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தவர். தொட்டி கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் அளவில் இருந்தால் போதாது, அதைவிடப் பன்மடங்கு தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கண்டது. 1864-ல் ஜெர்மனியின் ஹாம்பர்கிலும், 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சிசாலைகளில் கீழே இருட்டான பெரிய நீர்த்தேக்கம் இருந்தது. எந்திரம் தண்ணீரை இரவும் பகலும் மேலே ஏற்றி இறக்கியது. ஜன்னலோரச் சிறுபெண்ணின் வேலையை இப்போது பம்பு செய்தது. பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதை மின்வெட்டு தெரிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இந்தியாவில் இதுவே முதலாவது. சென்னைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கடல் எதிரிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், ஜப்பான் குண்டு வீசும் என்ற பயத்தில் நகரமே காலியானபோது அதுவும் மூடப்பட்டது. உங்கள் வீட்டில் மிகவும் வயதான பெரியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர் அப்பாவோ தாத்தாவோ அங்கே போன கதை கிடைக்கலாம்.

இனி, கடல் நீர் ஏன் காலை வாரியது என்ற கேள்விக்கு வருவோம். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா உண்டாகிறது. மீனுக்கு அது விஷம். 1877-ல் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சாக்கடை நீரை மணல் வழியாக மெதுவாக விட்டார்கள். சில வாரங்களில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளியே வந்தது. மணலுக்குக் குளோரோபார்ம் கொடுத்ததும் மாற்றம் நின்றுபோனது. அப்படியானால் வேலை செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று. 1890 வாக்கில் செர்கை வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாங்கிய அன்றே மீனை விட்டவர்கள் எல்லாம், 1855-ல் லண்டனிலும் சரி இன்று சென்னையிலும் சரி, மீனை விஷத்தில்தான் விட்டார்கள்.

1961-ல் இந்தோனேசியாவின் லீ சின் எங் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். பவளப்பாறையிலிருந்து பெயர்த்த, உயிர்கள் குடியிருக்கும் கல்லை அப்படியே தொட்டியில் அடுக்குவது, மெதுவாகக் காற்றுக் குமிழி விடுவது. வடிகட்டி எதுவும் இல்லை. இந்தக் கல்லுக்கு 'உயிர்ப்பாறை' என்று பெயர் வந்தது. அதன் மேற்பரப்பில் ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியாவை முடிக்கிறது. ஆக்ஸிஜன் எட்டாத உள்துளைகளில் இன்னொரு கூட்டம் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. 1970-களிலும் 80-களிலும் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இதோடு கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரத நுரைப்பானையும் பலமான விளக்கையும் சேர்த்தார்கள். 1964-லேயே பெட்டியில் அடைத்த செயற்கைக் கடல் உப்பு கடைக்கு வந்துவிட்டது. இன்று கடைக்காரர் "ஆட்டோமேட்டிக்" என்று சொல்வது இவை எல்லாவற்றின் கூட்டுதான்.

சிறுபெண்ணின் கையில் இருந்த வேலை செடிக்கு, பம்புக்கு, பாக்டீரியாவுக்கு என்று கைமாறியிருக்கிறது. தீர்ந்துபோகவில்லை. கணக்கின் கடைசி வரி எப்போதும் கடலின் பேரில்தான் எழுதப்பட்டது. பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களிலிருந்து, அழகு மீன்களை மயக்கிப் பிடிக்கப் பவளத்தின் மேல் சயனைடைப் பீய்ச்சினார்கள். நம் மன்னார் வளைகுடாவில் வேறு விதம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. 2001-ல் கல்பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருள்ள பவளமானாலும் காய்ந்த எலும்புக்கூடானாலும் வைத்திருப்பது குற்றம். "ராமேஸ்வரத்துக் கல், ஒரிஜினல்" என்று யாராவது தந்தால், நம் அசோசியேஷன் செயலாளர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. கடலுக்குப் பாரமில்லாத வழி இன்று இருக்கிறது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்துகாட்டியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன், துளையுள்ள செராமிக் கல், கொஞ்சம் மணல். பவளம் வேண்டாம். இதுதான் இருப்பதிலேயே மெனக்கெடல் குறைந்த கடல் தொட்டி.

அதற்கும் கணக்கு இதோ. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 180 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 180 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்த்தால் 250 கிலோவைத் தாண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஆறு கிலோவுக்கு மேல் உப்பு. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான். தினமும் ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. ஆகவே அந்தக் குறையை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 18 லிட்டரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்த உப்பு நீரை ஊற்ற வேண்டும். கோடையில் லாபியின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும், மீனுக்கு 25 முதல் 27 வேண்டும். எனவே சில்லர் தேவை. ஜெனரேட்டர் எடுக்கும் வரையிலும், எடுக்காத நாளிலும் ஓட, பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம். வெந்நீரும் உப்பு நீரும் ஆக்ஸிஜனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும், நம் தொட்டி இரண்டுமாக இருக்கும்.

தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம். அவ்வளவுதான். ஆனால் பொங்கல் விடுமுறையிலும் அந்தப் பத்து நிமிடம் உண்டு. கோமாளி மீன் பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. பெயர் வைத்த குழந்தை கல்லூரிக்குப் போன பிறகும் அது பசியோடு கண்ணாடிக்கு வரும்.

நம் கூட்டத்தில் இந்த வேலையை "ஹவுஸ் கீப்பிங் பார்த்துக்கொள்வார்கள்" என்று யாரோ சொன்னார்கள். அங்கேதான் எனக்கு அந்த ஜன்னலோரச் சிறுபெண் நினைவுக்கு வந்தாள். நான்கு பிளாக்கின் படிக்கட்டையும் துடைத்து முடித்துவரும் அக்காவின் தலையில், கேட்காமல், கூலி சேர்க்காமல் இன்னொரு வேலையைக் கட்டிவிட்டு, அதற்கு "மெனக்கெடல் இல்லாத தொட்டி" என்று நாம் பெயர் வைக்கக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களையும் ஒன்றாக வைப்போம். முதலாவது, தொட்டி வேண்டுமா. இரண்டாவது, ஆறு வீடுகளாவது முறைபோட்டுப் பார்த்துக்கொள்ள முன்வருகின்றனவா. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முதல் வரியில் என் ஃபிளாட் எண்ணை எழுதிவிட்டேன். இன்னும் ஐந்து வரி காலியாக இருக்கிறது. அவை நிரம்பினால் தொட்டி வைப்போம், நிரம்பாவிட்டால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் மண்டபம் போய்வருவோம். இரண்டில் எது நடந்தாலும் மீனுக்கு நல்லதுதான்.