விரித்த கைகள், உயர்த்திய கைகள்

கத்தோலிக்க ஆலயமும் பெந்தெகொஸ்தே சபையும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்கள் தமிழகத்தில் பல. ஞாயிறு காலையில் இரண்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது வேற்றுமைதான். திருப்பலியில் எழுவது, அமர்வது, முழந்தாளிடுவது எல்லாம் வகுத்த முறைப்படி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில். சபை ஆராதனையில் ஒருவர் கைதட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் பாயில் முகங்குப்புற விழுந்து அழுதுகொண்டிருப்பார்.

நற்செய்தி வாசகத்துக்கு முன் கத்தோலிக்கர் கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிறு சிலுவை வரைந்துகொள்கிறார். பக்கத்தில் நிற்பவர்கூடக் கவனிக்காத அசைவு அது. பெந்தெகொஸ்தே விசுவாசியோ ஸ்தோத்திர வேளையில் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார். கடைசி வரிசை வரை தெரிகிறது.

இதை வைத்து, அடக்கமான சைகை பழையது, உயர்த்திய கை புதியது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பெந்தெகொஸ்தே எழுச்சியின் ஊற்றாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருக் கூட்டங்கள் 1906இல்தான் தொடங்கின. ஆனால் ரோம் நகரின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறைக்குள், 3ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றில் முக்காடிட்ட பெண் ஒருத்தி நிற்கிறாள். இரு கைகளும் விரிந்து உயர்ந்திருக்கின்றன. கண்கள் மேலே நோக்குகின்றன. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சபையில் நிற்கும் நம் ஊர்ப் பெண்ணின் சாயல் அப்படியே அவளிடம் இருக்கிறது. முழந்தாளிடுவதற்கோ ஒரு காலத்தில் தடையே இருந்தது: ஞாயிறன்று நின்றுகொண்டே மன்றாட வேண்டும் என்றுதான் 325இல் கூடிய நைசியா சங்கம் விதித்தது.

அந்தப் பழைய நிலையைக் கத்தோலிக்க வழிபாடும் கைவிட்டுவிடவில்லை. பீடத்தில் மன்றாட்டைச் சொல்லும்போது குரு கைகளை விரித்தே நிற்கிறார். அங்கே அது எல்லோருக்காகவும் ஒருவர் செய்வது. சபையில் ஒவ்வொருவரும் தாமே செய்வது. என் பார்வையில், இரண்டுக்கும் நடுவே உள்ள ஆழமான வேறுபாடு இதுதான்.

சபையின் சுதந்திரத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிக்கிறார்கள். போதகரின் குரல் மாறியதும் அந்தப் பேரோசை சட்டென்று அடங்குகிறது. எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத சடங்கு முறை அது.

தலைமேல் கைவைப்பதைப் பாருங்கள். குருப்பட்டத்தில் ஆயர் ஒரு சொல்லும் பேசாமல் இரு கைகளையும் தலைமேல் வைக்கிறார். நோயாளிக்காக ஜெபிக்கும் போதகரும் அப்படியே கை வைக்கிறார்; அவர் குரலோ கூடம் முழுவதும் ஒலிக்கிறது. சைகை ஒன்று, மௌனமும் முழக்கமும்தான் வேறு.

சமாதானம் கூறும் நேரத்தில் கத்தோலிக்கர் ஒருவரையொருவர் கைகூப்பி வணங்குகிறார்கள். இந்திய மரபின் அஞ்சலி உள்ளிட்ட 12 வழிபாட்டுத் தழுவல்களுக்கு ரோம் ஒப்புதல் அளித்தது 1969இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1967இல், அமெரிக்கக் கத்தோலிக்க மாணவர்களிடையே, பெந்தெகொஸ்தே பாணியில் ஜெபிக்கும் அருங்கொடை இயக்கம் தோன்றியிருந்தது. இன்று அவ்வியக்கத்தின் செபக்கூட்டங்களில் தமிழகக் கத்தோலிக்கப் பொதுநிலையினரும் குருவின் கைக்காகக் காத்திராமல் தங்கள் கைகளைத் தாங்களே உயர்த்துகிறார்கள்.