அணு உலைக்கு எக்ஸ்டென்ஷன்

மயிலாப்பூர் மாட வீதிகளில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரிய அகராதி வேண்டியதில்லை. ஓய்வு பெறும் வயதை எட்டிய சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர், மேலும் ஓரிரு வருஷம் நாற்காலியில் நீடிக்க உத்தரவு வாங்கி விட்டால், மறுநாள் காலைக் காப்பிக்குள் அந்தச் செய்தி கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றி வந்துவிடும். “அனுபவசாலி, இருந்துவிட்டுப் போகட்டுமே” என்பார் ஒருவர். “கண்ணும் சரியில்லை, காதும் சரியில்லை, இவருக்கு எதற்கு?” என்பார் மற்றொருவர். வயதான அணுமின் நிலையங்களுக்கு எக்ஸ்டென்ஷன் கொடுப்பது பற்றி இன்று உலகெங்கும் நடக்கும் விவாதத்திலும் இதே இரண்டு கட்சிகள்தாம்.

நமக்கு இது தூரத்து ஊர் வழக்கு அல்ல. அடையாற்றிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் மகாபலிபுரத்துக்கு அப்பால் கல்பாக்கம் வருகிறது. பக்கத்திலேயே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த சதுரங்கப்பட்டினம். அந்தப் பழைய கோட்டைக்கு அருகேதான் 1971-ல் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலைக்கு வேலை ஆரம்பமாயிற்று.

அதற்கு முன் தாராப்பூரில் அமெரிக்கர்களும், ராஜஸ்தானத்தில் கனடா தேசத்தாரும் நமக்கு உலை அமைக்க உதவினார்கள். 1974 மே 18-ஆம் தேதி பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் கனடா உறவை முறித்துக் கொண்டது. பிறர் கைத்தாங்கல் இல்லாமல் நம்மவர்களே முடிக்க வேண்டிய காரியம் ஆகிவிட்டது கல்பாக்கம். பன்னிரண்டு வருஷ உழைப்புக்குப் பிறகு, 1983 ஜூலை 2-ஆம் தேதி முதல் உலையில் அணுப்பிளவு தொடர்ந்து நடக்கத் தொடங்கியது. இரண்டாவது உலை 1985 ஆகஸ்டில் உயிர் பெற்றது.

அணு உலைக்கு மூப்பு எப்படி வருகிறது? கல்பாக்கத்து உலையின் நடுவே கனநீர் நிரம்பிய பெரிய உருளைத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் குறுக்கே 306 குழாய்கள். அவற்றினுள் யுரேனியக் கட்டுகள். சிர்க்கோனிய உலோகத்தால் ஆன இந்தக் குழாய்களை நியூட்ரான்கள் இரவும் பகலும் தாக்குகின்றன. வருஷங்கள் செல்லச் செல்லக் குழாய் நீளுகிறது, மெல்லத் தொய்கிறது, ஹைட்ரஜனை உறிஞ்சிக் கொண்டு நொறுங்கும் தன்மை அடைகிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நம் முதல் உலை உயிர் பெற்ற முப்பதாம் நாள், 1983 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் இதே ஜாதிக் குழாய் ஒன்று வெடித்துப் பிளந்தது. அந்த உலைக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான்.

கல்பாக்கத்துக்கோ அதைவிடச் சீக்கிரமே நோய் வந்தது. 1980-களின் கடைசியில், தொட்டிக்குள் கனநீரைச் செலுத்தும் உட்குழல் அமைப்பு இரண்டு உலைகளிலும் முறிந்து போயிற்று. 220 மெகாவாட் தர வேண்டிய உலைகளை 170 மெகாவாட்டோடு ஓட்டும்படி நேர்ந்தது. பிறகு 2002-ல் தொடங்கி 2006-க்குள், இரண்டாவது உலையையும் அடுத்து முதல் உலையையும் நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் கழற்றி, நியோபியம் கலந்த உறுதியான புதுக் குழாய்களைப் பொருத்தினார்கள். பழைய பலமும் திரும்பியது. ஐந்து வயதில் தளர்ந்தவர் இருபது வயதில் வாலிபரானார்! ஆனால் அந்தப் பெரிய தொட்டியையும் அதைச் சூழ்ந்த காங்கிரீட்டையும் அப்படி மாற்றிவிட முடியாது. அதே முதல் உலை 2018 ஜனவரியில் மீண்டும் நிறுத்தப்பட்டு, பல ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை.

ஆக, வயது என்பது பஞ்சாங்கக் கணக்கு அல்ல. அமெரிக்கர்கள் 1954-ஆம் வருஷத்துச் சட்டத்தில் உலைகளுக்கு நாற்பது ஆண்டு லைசென்ஸ் என்று வைத்தார்களே, அது கூட உலோகத்தைச் சோதித்துக் கண்ட எண் அல்ல; முதலீட்டையும் வியாபாரப் போட்டியையும் எண்ணி வைத்த எண். 2000-ல் கால்வெர்ட் கிளிப்ஸ் நிலையத்துக்கு முதல் முதலாக இருபது ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தார்கள். 2019-ல் டர்க்கி பாயிண்ட் நிலையத்துக்கு எண்பது வயது வரை அனுமதி கிடைத்தது. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கைக்கொண்ட முறை வேறு. ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு அனுமதி. பத்து ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை.

பரிசோதனையில் எதைப் பார்க்க வேண்டும்? ஜப்பானின் புக்குஷிமாவில் 1971-ல் உற்பத்தி தொடங்கிய முதல் உலைக்கு, 2011 பிப்ரவரியில் பத்து ஆண்டு நீட்டிப்புக் கிடைத்தது. மார்ச் 11-ஆம் தேதி சுனாமி வந்தது. அங்கே குழாய் கிழடாகிக் கெடவில்லை. கடல் எவ்வளவு உயரம் எழும் என்ற கணக்குத்தான் கிழடாகி இருந்தது. தாழ்வான இடத்தில் வைத்த டீசல் யந்திரங்கள் மூழ்கின. உலையைக் குளிர்விக்க வழியில்லாமல் போயிற்று.

நம் கடலும் அந்தப் பாடத்தை முன்பே நடத்திக் காட்டியது. 2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கத்துப் பம்பு அறைக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக் கொண்டிருந்த இரண்டாவது உலையை உடனே பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். உலை தப்பியது, கடலோரக் குடியிருப்பில் பல உயிர்கள் தப்பவில்லை. கடலைப் பற்றி 1971-ல் தெரிந்ததை வைத்துக் கட்டிய நிலையத்துக்கு, இன்று தெரிந்ததை வைத்துத்தான் அனுமதி நீட்ட வேண்டும்.

பழைய உலைகளை எல்லாம் மூடிவிடலாமே என்று தியாகராய நகர் கடை வெளிச்சத்தில் நின்றுகொண்டு சொல்வது சுலபம். அந்த வெளிச்சத்துக்காக வடசென்னையில் நிலக்கரி எரிகிறது; எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிகிறது. நம் விளக்குக்கு யாரோ ஒருவருடைய கடற்கரைதான் விலை கொடுக்கிறது. ஆகவே நீட்டிப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் உத்தியோகஸ்தருக்கு எக்ஸ்டென்ஷன் கொடுக்கும் முன் டாக்டர் சர்டிபிகேட் கேட்பது போல, உலைக்கும் கேட்க வேண்டும். அந்த டாக்டர் அவருடைய சொந்த மைத்துனராக இருக்கக் கூடாது. மேற்சொன்ன வாரியம் 1983 நவம்பரில்தான் பிறந்தது. அதாவது கல்பாக்கத்து முதல் உலைக்கு நாலு மாதம் இளையது! அணுசக்தித் துறையின் செயலாளரே தலைமை வகித்த அணுசக்திக் கமிஷனுக்குப் பதில் சொல்லும் நிலையில் அது வைக்கப்பட்டது. சட்டப்படி அதற்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சுட்டிக் காட்டியது.

எத்தனை ஆண்டு நீட்டலாம் என்பது விஞ்ஞானிகள் சொல்ல வேண்டிய பதில். எந்தக் குழாய் தேய்ந்திருக்கிறது, எதை மாற்றினார்கள், எதை மாற்ற முடியவில்லை என்று கேட்பது நம் உரிமை. அந்தச் சோதனை அறிக்கை தமிழில் வர வேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் வலை உலர்த்துகிறவர் வாங்கிப் படிக்கும்படி வர வேண்டும். அவர் படித்துக் கேள்வி கேட்ட பிறகு உத்தரவில் கையெழுத்துப் போடட்டும்.