ஒரே வில்ட், நான்கு பயிற்சியாளர்கள்

ஒரு கூடைப்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளர் வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும். "இவருடைய ஆட்ட முறைக்குள் அந்த நட்சத்திர வீரர் அடங்குவாரா?" அடங்கினால் அணிக்காகத் தியாகம் செய்தவர். அடங்காவிட்டால் தலைக்கனம் பிடித்தவர். ரசிகர்களின் தீர்ப்பு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க வில்ட் சேம்பர்லினைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் அவர் அடங்கவும் செய்தார், முரண்டு பிடிக்கவும் செய்தார். ஆள் ஒருவர்தான். மாறியது பயிற்சியாளர்கள்.

பந்தை வில்ட்டிடம் கொடு!

7 அடி 1 அங்குல உயரம் கொண்ட வில்ட், 1959ல் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியில் சேர்ந்தார். 1961-62 சீசனில் அந்த அணியின் பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்குவயர். அவருடைய திட்டம் ரொம்ப எளிமையானது: பந்தை வில்ட்டிடம் கொடுத்துவிடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அந்த சீசனில் வில்ட் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 39.5 முறை கூடையை நோக்கி எறிந்தார், 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2ம் தேதி ஹெர்ஷி என்ற ஊரில், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள்! என்.பி.ஏ. வரலாற்றில் அந்தச் சாதனையை இதுவரை யாரும் தொடவில்லை.

ஆனால் கோப்பை? அது பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குத்தான் போனது. பிளே-ஆஃப் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் இரண்டே புள்ளிகளில் பாஸ்டனிடம் தோற்றது. அடுத்த சீசனில் அணி சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியது. வில்ட் அப்போதும் ஆட்டத்துக்கு 44.8 புள்ளிகள் எடுத்தார். அணியோ 31 ஆட்டங்களில் வென்று 49ல் தோற்றது. "இவருக்குச் சொந்தக் கணக்குதான் முக்கியம், பாஸ்டனின் பில் ரஸ்ஸல் போல ஜெயிக்கத் தெரியாது" என்ற பேச்சு வலுத்தது. இந்தக் கெட்ட பெயர் கடைசிவரை அவரைத் துரத்தியது.

ஹன்னம் கேட்டது

1963ல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு அலெக்ஸ் ஹன்னம் பயிற்சியாளராக வந்தார். 1958ல் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணியை வைத்து பாஸ்டனையே வீழ்த்திக் கோப்பை வென்றவர். கொஞ்சம் குறைவாக எறி, கூட்டாளிகளுக்குப் பந்தைக் கொடு, தடுப்பாட்டத்தில் கவனம் வை என்று வில்ட்டிடம் கேட்டார். சராசரி 36.9 ஆகக் குறைந்தது. அணி 48 ஆட்டங்களில் வென்று இறுதிச் சுற்று வரை போனது. அங்கே மறுபடியும் பாஸ்டன்தான் வென்றது.

1965 ஜனவரியில் வில்ட் பிலடெல்பியா சிக்ஸர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 1966ல் ஹன்னமும் அங்கே வந்து சேர்ந்தார். இந்த முறை அவரிடம் ஹால் கிரீர், செட் வாக்கர், பில்லி கன்னிங்காம் என்று புள்ளி எடுக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். வில்ட் கையில் பந்து வந்தால் எதிரணியில் இரண்டு மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அப்படியானால் வேறு ஒருவர் காவல் இல்லாமல் நிற்பார். அவரிடம் பந்து போனால் போதும். ஹன்னத்தின் கணக்கு இதுதான்.

விளைவைப் பாருங்கள். முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 25.2 முறை எறிந்தவர், 1966-67ல் 14.2 முறைதான் எறிந்தார். புள்ளிகள் 33.5லிருந்து 24.1க்கு இறங்கின. ஆனால் எறிந்ததில் 68.3 சதவீதம் கூடைக்குள் விழுந்தது. கூட்டாளிகள் கூடை போட உதவும் 'அசிஸ்ட்' 7.8 ஆக உயர்ந்தது. முதல் ஏழு சீசன்களிலும் அவரிடமே இருந்த 'அதிகப் புள்ளி எடுத்தவர்' பட்டம் ரிக் பேரியிடம் போனது. சிக்ஸர்ஸ் 68 வெற்றி, 13 தோல்வி. தொடர்ந்து எட்டு வருடம் கோப்பையை வைத்திருந்த பாஸ்டனை 4-1 என்று வீழ்த்தி, பிறகு இறுதிச் சுற்றில் வாரியர்ஸையும் வென்றார்கள்.

ஹன்னம் வில்ட்டிடமிருந்து எறிகளைத்தான் குறைத்தார். அவருடைய இடத்தைப் பறிக்கவில்லை. பந்து அப்போதும் கூடைக்கு அருகில் நின்ற வில்ட் வழியாகத்தான் போனது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சுமார் ஒன்பது புள்ளிகளை விட்டுக்கொடுக்க அவர் சம்மதித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அளவுக்கு மிஞ்சினால்

அடுத்த சீசனில் வில்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். 1967-68ல் மொத்தம் 702 அசிஸ்ட்கள். லீகிலேயே அதிகம்! பழைய ஆசைதான், எண் மட்டும் மாறியிருந்தது. பிளே-ஆஃபில் பாஸ்டனுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த சிக்ஸர்ஸ், அடுத்த மூன்று ஆட்டங்களையும் இழந்தது. ஏழாவது ஆட்டம் 100-96. அதன் இரண்டாம் பாதியில் வில்ட் கூடையை நோக்கி முயன்றது இரண்டே முறை.

அவர் பந்தைக் கேட்கவில்லையா, கூட்டாளிகள் கொடுக்கவில்லையா, ஹன்னம் தலையிட்டிருக்க வேண்டுமா? இந்த விவாதம் பல வருடம் ஓடியது. ஒரு வருடம் முன்பு கோப்பை வாங்கிக் கொடுத்த அதே முறை, அதே பயிற்சியாளர், அதே வீரர். பொருத்தம் என்பது ஒரு முறை அமைந்தால் அப்படியே நிலைத்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

காலை எங்கே வைப்பது?

1968ல் வில்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் பட்ச் வான் பிரெடா கால்ஃப். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பெயர் வாங்கியவர். ஐந்து பேரும் ஓடிக்கொண்டே பந்தைக் கைமாற்றும் ஆட்டம் அவருக்குப் பிடித்தது. கூடைக்கு அருகில் வில்ட் நின்றால் எல்ஜின் பேலர் உள்ளே பாய்ந்து வர வழி அடைபடுகிறது. அதனால் வெளியே வந்து நில் என்றார். பயிற்சியாளர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் வில்ட்டின் பலமே கூடைக்கு அருகில்தான். அங்கிருந்து நகர்த்தினால் அவர் உயரமான இன்னொரு ஆள், அவ்வளவுதான். புள்ளிகளை விட்டவர் இடத்தை விட மறுத்தார். இருவருக்கும் ஒத்தே போகவில்லை.

1969 மே 5, பாஸ்டனுடன் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். சில நிமிடங்களே மீதி இருந்தபோது முழங்காலில் அடிபட்டு வில்ட் வெளியேறினார். பிறகு திரும்ப இறங்கத் தயார் என்று சொல்லியும் பயிற்சியாளர் இறக்கவில்லை. லேக்கர்ஸ் 108-106 என்று தோற்றது. பயிற்சியாளர் பதவி விலகினார். ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை இல்லாததன் விலை இரண்டு புள்ளிகள்.

ஷார்மன் கேட்டது

1971ல் லேக்கர்ஸுக்கு பில் ஷார்மன் வந்தார். பாஸ்டனில் ரஸ்ஸலோடு ஆடியவர். வில்ட்டுக்கு அப்போது 35 வயது. ரீபவுண்ட் எடு, உடனே பந்தை முன்னால் அனுப்பு, ஜெர்ரி வெஸ்டும் கெயில் குட்ரிச்சும் ஓடிப்போய் முடிக்கட்டும் என்பதுதான் திட்டம். ஆட்ட நாளன்று காலையில் லேசான பயிற்சி என்ற பழக்கத்தையும் ஷார்மன் கொண்டுவந்தார். இரவில் வெகுநேரம் விழித்திருக்கும் வில்ட்டுக்குக் காலையில் எழுவது பிடிக்காது. ஆனாலும் வந்தார்.

பேலர் சீசன் தொடக்கத்திலேயே ஓய்வு பெற, வில்ட் கேப்டன் ஆனார். அதன்பின் லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டங்களை வென்றது. சீசன் முடிவில் 69 வெற்றி, 13 தோல்வி. ஒரு காலத்தில் ஆட்டத்துக்கு 39.5 முறை எறிந்தவர் இப்போது எறிந்தது 9.3 முறை. புள்ளிகள் 14.8 மட்டும். ரீபவுண்டில் 19.2 எடுத்து லீகிலேயே முதலிடம். இறுதிச் சுற்றில் கையில் காயத்தோடு ஆடி, கடைசி ஆட்டத்தில் 24 புள்ளிகளும் 29 ரீபவுண்டுகளும் எடுத்தார். 1972ல் இரண்டாவது கோப்பை. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

வில்ட் மேல் தவறே இல்லை என்று சொல்ல முடியாது. எண்கள் மேல் அவருக்கு மோகம் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. ஆனால் சுயநலக்காரர் என்ற ஒற்றைச் சொல் இந்தக் கதைக்குப் போதாது. சுயநலக்காரர் ஆட்டத்துக்கு முப்பது எறிகளை விட்டுக்கொடுக்க மாட்டார். ஹன்னமும் ஷார்மனும் அவருடைய பலத்தை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டு, அதைச் செலவிடும் விதத்தை மட்டும் மாற்றினார்கள். வான் பிரெடா கால்ஃப் பலம் இருந்த இடத்தையே மாற்றப் பார்த்தார்.

அதனால் அடுத்த முறை ஏதாவது ஒரு அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்து, "இந்த நட்சத்திரம் அடங்குவாரா?" என்ற கேள்வி எழுந்தால், கூடவே இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். பயிற்சியாளர் அவரிடம் எதை விடச் சொல்கிறார்?